45 சதவீதம், யாரில்?

கணக்கு நோட்டைத் திருத்துவதில் பெரும்பாலும் விடையைப் பார்த்தால் போதும். சரி என்றால் டிக், தப்பு என்றால் சுழி. இருவழி அட்டவணையில் இந்த வழக்கம் கை கொடுக்காது. எழுதிய எண்ணெல்லாம் சரியாக இருந்தும் பிள்ளைக்கு விஷயம் பிடிபடாமல் இருக்கலாம். கூட்டலில் ஓரிடம் சறுக்கியிருந்தும் விஷயம் நன்றாகவே புரிந்திருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பெரம்பலூர், அரியலூர் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இருவழி அட்டவணை பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு கேள்வி கேட்டு, இரண்டு பதிலையும் சேர்த்து எண்ணி வைப்பதுதான். இதற்கு வேண்டிய சரக்கு நம் பாடநூலிலேயே வந்துவிடுகிறது. நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணுவது, ஏழாம் வகுப்பில் சதவீதம், எட்டாம் வகுப்பில் புள்ளியியலும் நிகழ்வெண் பரவலும். அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுப் பாடத் தர வரையறை, இந்த இருவழி ஒப்பீட்டு நிகழ்வெண்ணை எட்டாம் வகுப்பில்தான் வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அதுதான் சரியான வயது.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலத்தூர்ப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழும் எட்டும் சேர்த்து 60 பிள்ளைகள். 40 பேர் உள்ளூர், நடந்து வருகிறவர்கள். 20 பேர் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். எல்லோரிடமும் இரண்டாவதாக ஒரு கேள்வி: வீட்டில் ஆடு மாடு உண்டா?

| | ஆடு மாடு உண்டு | இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| உள்ளூர் | 18 | 22 | 40 |
| வெளியூர் | 14 | 6 | 20 |
| மொத்தம் | 32 | 28 | 60 |

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். யார் வீட்டில் நிலம் உண்டு, யார் வீட்டில் கழிப்பறை இல்லை, யாருடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றெல்லாம் வகுப்பில் கை தூக்கச் சொல்லக் கூடாது. கணக்குப் படிக்க வந்த பிள்ளை நாலு பேர் முன்னால் தலைகுனிய நேரும். ஆடு மாடு, பஸ், சாயங்கால விளையாட்டு, சோளமா பருத்தியா என்று எவரையும் உறுத்தாத விஷயம் எத்தனையோ இருக்கிறது. அதையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது பிள்ளைகளிடம் கேட்கிறோம்: “ஆடு மாடு வளர்ப்பது உள்ளூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் அதிகமா, வெளியூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் அதிகமா? அட்டவணையைக் கொண்டு சொல்லுங்கள்.” வந்து சேரும் நோட்டுகளைக் கவனமாகப் பார்த்தால், பிள்ளைகள் ஐந்தாறு இடங்களில் நிற்பது தெரியும்.

முதல் வகை எளிது. “உள்ளூரில்தான் அதிகம். 18 பெரிது, 14 சிறிது.” இந்தப் பிள்ளை அட்டவணையை வாசித்துவிட்டது. ஆனால் உள்ளூரில் 40 பேர், வெளியூரில் 20 பேர்தான் என்பது கணக்கில் வரவில்லை. அளவு வேறு வேறான இரண்டு கூட்டத்தை ஒப்பிடுகிறோம் என்ற எண்ணமே இன்னும் எழவில்லை.

இரண்டாவது வகையில் சதவீதம் வந்துவிடும். எல்லாவற்றையும் 60ஆல் வகுத்திருப்பார்கள். 18க்கு 30 சதவீதம், 14க்கு 23.3 சதவீதம், “ஆகவே உள்ளூரில் அதிகம்.” திருத்துகிறவர் ஏமாறும் இடம் இது. வகுத்தல் சரி, தசமப் புள்ளி சரி, நான்கு கட்டத்தையும் கூட்டினால் 100 வருகிறது. பார்வைக்கு முதல் பிள்ளையைவிட நிறைய தூரம் வந்தது போல் தெரியும். உண்மையில் முதல் பிள்ளை நிற்கும் இடத்தில்தான் இதுவும் நிற்கிறது. எல்லா எண்ணையும் ஒரே எண்ணால் வகுத்தால் பெரியது பெரியதாகவே இருக்கும், சிறியது சிறியதாகவே இருக்கும். சதவீதக் குறி போட்டதால் ஒப்பீடு மாறிவிடாது.

மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. அந்த நோட்டில் 18ஐ 32ஆல் வகுத்து 56.25 சதவீதம் என்று இருக்கும். கணக்கு சரி. கீழே எழுதிய வாக்கியத்தைப் படியுங்கள்: “உள்ளூர்ப் பிள்ளைகளில் 56.25 சதவீதம் பேர் வீட்டில் ஆடு மாடு இருக்கிறது.” இது தவறு. 56.25 சதவீதம் என்பது ஆடு மாடு உள்ள 32 பேரில் உள்ளூர்க்காரர்களின் பங்கு. உள்ளூர்ப் பிள்ளைகளில் ஆடு மாடு உள்ளவர்களின் பங்கு 40இல் 18, அதாவது 45 சதவீதம். ஒரே 18, இரண்டு வேறு மொத்தங்கள், இரண்டு வேறு செய்திகள். எண்ணை மட்டும் திருத்திவிட்டு வாக்கியத்தைப் படிக்காமல் விட்டால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

நான்காவது வகைப் பிள்ளை வெளியூர் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, 70 சதவீதம் உண்டு, 30 சதவீதம் இல்லை என்று கண்டுபிடிக்கும். “70, 30ஐவிட அதிகம். ஆகவே ஆடு மாடு வைத்திருப்பதற்கும் ஊருக்கும் தொடர்பு உண்டு” என்று முடிக்கும். முடிவு தற்செயலாகச் சரி, வழி தவறு. ஒரே வரிசைக்குள் உண்டு, இல்லை என்ற இரண்டை ஒப்பிட்டால் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரியாது. உள்ளூரிலும் அதே 70, 30 என்று இருந்திருந்தால் தொடர்பே இல்லை என்றுதானே ஆகும்? 70ஐ ஒப்பிட வேண்டியது மேலே உள்ள வரிசையின் 45உடன். வேண்டுமானால் இரண்டையும் வகுப்பின் மொத்தச் சதவீதமான 53.3உடன் வைத்துப் பார்க்கலாம். ஒன்று அதற்குக் கீழே, மற்றது மேலே. திருத்தும்போது இந்தப் பிழையை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுவேன். விடை சரியாக இருப்பதால் டிக் விழுந்துவிடும், பிள்ளையும் அந்த வழியையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது பிள்ளை 45ஐயும் 70ஐயும் எடுத்து, “வெளியூர்ப் பிள்ளைகளின் வீடுகளில்தான் ஆடு மாடு வைத்திருப்பவர்களின் பங்கு அதிகம்” என்று எழுதிவிடும். நாம் தேடிய விடை இதுதான். ஆனால் சில பிள்ளைகள் உற்சாகத்தில் இன்னும் ஓரடி போய், “பஸ்ஸில் வருவதால் ஆடு மாடு வளர்க்கிறார்கள்” என்று எழுதுவார்கள். பஸ்ஸுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? வெளியூர் சின்ன ஊராக இருக்கலாம், அங்கே மேய்ச்சலுக்கு இடம் இருக்கலாம், உள்ளூரில் கடை வேலை, கம்பெனி வேலை என்று போகிறவர்கள் அதிகமாக இருக்கலாம். அட்டவணை இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது என்று மட்டும் சொல்லும். ஏன் சேர்ந்து வருகிறது என்பதற்கு ஊருக்குள் போய் விசாரிக்க வேண்டும். இப்படி எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, ஓரத்தில் “வேறு காரணம் இருக்குமா?” என்று எழுதிக் கொடுப்பதே மேல். கற்பனை ஓடுகிற பிள்ளை அது. நாலு காரணம் யோசித்துக்கொண்டு வரும்.

எந்த வகை என்று நோட்டைப் பார்த்துத் தெரியவில்லை என்றால் நேரில் கேட்டுவிடலாம். அரை நிமிஷம் ஆகும்.

“நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கியே கண்ணு, யாருல நாப்பத்தஞ்சு?”

“பிள்ளைங்கள்ல, டீச்சர்.”

“எந்தப் பிள்ளைங்க? எல்லாருமா?”

“இல்ல டீச்சர், உள்ளூர்ப் பிள்ளைங்க மட்டும். நூறு பேர் இருந்தா நாப்பத்தஞ்சு பேரு.”

இவ்வளவு சொல்லிவிட்டால் போதும், பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. “எல்லாரும்தான்” என்று சொன்னால் புரியவில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் மதிப்பிட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்: கீழே போடும் மொத்தம் யாருடையது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா, அதை வாக்கியத்தில் சொல்ல வருகிறதா. கூட்டலும் வகுத்தலும் தேவைதான், ஆனால் அவற்றைச் சோதிக்க வேறு பத்துப் பாடங்கள் இருக்கின்றன.

ஆகவே மதிப்பெண்ணையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். முப்பருவ முறை 2012-13இல் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வைத்தார்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. இருவழி அட்டவணை செயல்பாட்டுப் பகுதிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும், ஏனென்றால் தரவைப் பிள்ளைகளே சேகரிக்க முடியும். 10 மதிப்பெண் கேள்வி என்றால், அட்டவணையை நிரப்ப 2, வகுத்தலுக்கு 2 என்று வைத்துக்கொண்டு, சரியான மொத்தத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு 3, வாக்கியத்துக்கு 3 என்று கொடுப்பேன். மதிப்பெண் எங்கே கிடைக்கும் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை என்றால் எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஒரு பிழைக்கு இரண்டு தடவை தண்டனை கூடாது. ஒரு பிள்ளை எண்ணும்போது ஒரு கோட்டை விட்டுவிட்டு 22க்குப் பதில் 21 என்று எழுதியிருக்கும். மொத்தம் 39 ஆகிவிடும். 18ஐ 39ஆல் வகுத்து 46.2 சதவீதம் என்று போட்டு, 70உடன் ஒப்பிட்டு, சரியான வாக்கியமும் எழுதியிருக்கும். எண்ணியதில் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் யோசனையில் ஒரு குறையும் இல்லை.

தசமத்திலும் ஒரு சிக்கல் வரும். ஆடு மாடு உள்ள 32 பேரை ஊர்வாரியாகப் பிரித்தால் 56.25, 43.75 என்று வரும். ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 56.3, 43.8. கூட்டினால் 100.1. பிள்ளைகள் பதறிவிடுவார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, 43.8ஐ அழித்து 43.7 என்று மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. நோட்டில் அழித்த தடம் தெரிந்தால் அங்கே நின்று பேச வேண்டும். முழுமையாக்கும்போது இப்படி ஒரு சின்ன மிச்சம் வருவது இயல்பு, எண்ணை வளைக்க வேண்டாம், “முழுமையாக்கியதால் 100.1” என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்லிக் கொடுக்கலாம். பெரியவர்களின் அறிக்கைகளிலும் இதே மாதிரி அடிக்குறிப்பு இருக்கும்.

சிறிய கூட்டத்தின் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எட்டாம் வகுப்பிலேயே தொட்டுக் காட்டலாம். வெளியூர் வரிசையில் 20 பேர்தான். அங்கே ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். ஒரு பிள்ளை அன்றைக்கு லீவு போட்டிருந்தாலோ, ஒரு வீட்டில் போன வாரம் ஆட்டை விற்றிருந்தாலோ எண் நகர்ந்துவிடும். 45க்கும் 70க்கும் இடையே உள்ள 25 சதவீத இடைவெளி, இரண்டொரு பிள்ளைகளால் மறைந்துவிடாது. அதுவே 45க்கு 50 என்று இருந்திருந்தால், “வெளியூரில் அதிகம்” என்று அடித்துச் சொல்லத் தயங்க வேண்டும். “கொஞ்சம்தான் வித்தியாசம், உறுதியாகச் சொல்ல முடியாது” என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்குக் கூடுதலாக ஒரு பாராட்டு எழுதலாம்.

வகுப்புத் தரவில் தேர்ந்த பிறகு ஊர்த் தரவுக்குப் போகலாம். நம் இரண்டு மாவட்டங்களே ஒரு நல்ல அட்டவணை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அரியலூர் அதற்குள்தான் இருந்தது. 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடி தனியானது. ஆக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. பெரம்பலூரில் ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066, மொத்தம் 5,65,223. அரியலூரில் ஆண்கள் 3,74,703, பெண்கள் 3,80,191, மொத்தம் 7,54,894. இரண்டு மாவட்டமும் சேர்ந்து 13,20,117 பேர்.

அரியலூர்ப் பெண்கள் என்ற ஒரே கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3,80,191 பேர். இரண்டு மாவட்ட மக்களிலும் இவர்கள் 28.8 சதவீதம். அரியலூர் மக்களில் 50.4 சதவீதம். இரண்டு மாவட்டப் பெண்களில் 57.3 சதவீதம். மூன்றும் சரி. “57.3 சதவீதம்” என்பதை வைத்துக்கொண்டு “அரியலூரில் பாதிக்கு மேல், 57 சதவீதம் பெண்கள்” என்று ஒரு பிள்ளை எழுதினால், ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வகுப்பில் நாலு பிள்ளைகளாவது சிரித்துவிடும், பிழை எங்கே என்று தாங்களே தேடிக் கண்டுபிடிக்கும். எண்ணின் அர்த்தம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்தோடு மோதும்போது இந்தப் பிழை தானாக வெளியே வரும். வெளியூர் உதாரணத்தைவிடச் சொந்த மாவட்ட எண் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த அட்டவணைக்கு இன்னொரு பயனும் உண்டு. அரியலூரில் பெரம்பலூரைவிட 97,125 பெண்கள் அதிகம். பெரிய எண். முதல் வகைப் பிள்ளை “அரியலூர்தான் பெண்கள் அதிகம் உள்ள மாவட்டம்” என்று துள்ளும். வரிசைவாரியாகச் சதவீதம் எடுத்தால் பெரம்பலூரில் 50.1, அரியலூரில் 50.4. ஏறக்குறைய ஒன்றே. அரியலூரில் மக்களே அதிகம் என்பதால்தான் பெண்களும் அதிகம், ஆண்களும் அதிகம். தொடர்பு இருக்கும் அட்டவணைகளை மட்டுமே கொடுத்துப் பழக்கினால், பிள்ளைகள் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் “தொடர்பு உண்டு” என்று எழுதப் பழகிவிடுவார்கள். தொடர்பு இல்லாததையும் கலந்து கொடுத்தால்தான் யார் யோசித்து எழுதுகிறார்கள் என்று தெரியும்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போது திருப்பிக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். சதவீதத்தைக் கொடுத்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது. “43.75 சதவீதம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்தார்? அது எதைச் சொல்கிறது?” முதல் அட்டவணையில் அது 14ஐ 32ஆல் வகுத்தது. ஆடு மாடு உள்ள பிள்ளைகளில் வெளியூர்க்காரர்களின் பங்கு. கணக்கில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்கூட இந்த மாதிரிக் கேள்வியில் தேறிவிடுவது உண்டு, ஏனென்றால் நீண்ட வகுத்தல் இல்லை, யோசனை மட்டும்தான். அட்டவணையில் ஓரத்து மொத்தங்களையும் உள்ளே ஒரே ஒரு எண்ணையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் அந்த ஒரு எண் போதும், மீதி மூன்றும் கழித்தலிலேயே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், அதற்காகவே கொடுக்கலாம்.

தேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கடினமான கேள்வி. கல்வியறிவு சதவீதத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எப்படி எடுக்கிறார்கள்? 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டுமே கீழே வைத்து வகுக்கிறார்கள். கைக்குழந்தையை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எண்ணுவது நியாயம் இல்லையே. 2011இல் இரண்டு மாவட்டங்களிலும் ஆண்களின் கல்வியறிவு 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, பெண்களுடையது 60க்கும் 70க்கும் இடையில் நின்றது. இந்த இடைவெளியே பிள்ளைகள் தங்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். கணக்குக்கு வருவோம். ஒரு மாவட்டத்துப் பெண்களின் மொத்த எண்ணிக்கையையும் கல்வியறிவு சதவீதத்தையும் கொடுத்து, “எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் பெருக்கி ஒரு எண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த மொத்தத்தில் 7 வயதுக்குக் குறைந்த சிறுமிகளும் இருப்பதால் விடை உண்மையைவிடக் கூடிவிடும். பெருக்காமல், “7 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று கேள்வியில் கொடுக்கவில்லையே, டீச்சர்” என்று எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, தாள் வெறுமையாக இருந்தாலும் முழு மதிப்பெண்ணையும் போட்டுவிடலாம்.